இலுப்பைத் திருப்பத்தில் பாடை நிற்பதன் காரணம்

இதனை நான் எழுதவேண்டி வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வன்னியம்பட்டியிலிருந்து சுடுகாட்டிற்குச் செல்லும் வண்டிப்பாதை, எங்கள் தோட்டத்தின் மூலையில் தெற்கே திரும்புகிறது. அத்திருப்பத்தில் இலுப்பை மரங்கள் சில நிற்கின்றன. ஊரில் யார் இறந்தாலும், பாடை சுமந்து வருவோர் அம்மரங்களின் அடியில் சிறிது நேரம் நிற்கிறார்கள். பாடையை இறக்குவதில்லை, தோள் மாற்றுவதில்லை. கொட்டு முழக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டு வாய்பேசாமல் நின்று, பிறகு நடக்கிறார்கள். அண்மையில் நானும் அவ்வாறு நின்றபோது, அருகில் நின்ற இளைஞர் ஒருவர், அம்மரங்களில் ஒரு தெய்வம் உறைகிறது என்றும், அதனிடம் விடைபெறாமல் உயிர் ஊரெல்லையைக் கடக்காது என்றும் எனக்கு எடுத்துரைத்தார். அழகாகவே சொன்னார். ஆனால் அது உண்மையன்று. பாடை அங்கே நிற்கத் தொடங்கியது ஓர் எண்ணெய் இஞ்சினுக்காக. அதை நேரில் கண்டவர் இன்று மிகச் சிலரே. அவருள் எழுதும் பழக்கமுடையவன் நான் ஒருவனாகவே இருக்கக்கூடும். எழுதாமல் விட்டால் தெய்வம் நிலைத்துவிடும்.

இயன்றவரை தூய தமிழில் எழுதவேண்டும் என்பது என் வாழ்நாள் விருப்பம். ஆயினும் இஞ்சின் என்பதைப் பொறி என்று மாற்ற மனம் ஒப்பவில்லை. எங்கள் தோட்டத்தில் அதைப் பொறி என்று அழைத்தவர் ஒருவரும் இல்லை.

மோட்டார் வண்டி எங்கள் பக்கத்திற்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது இது. நான் திருவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். வன்னியம்பட்டித் தோட்டத்தை என் தமையனார் பார்த்துக்கொண்டார். பெற்றோர் முன்பே இறந்துவிட்டனர். தமையனாருக்குப் பிள்ளை இல்லை, எனக்கு மணமாகவில்லை. ஆகவே அவர், அவர் மனைவியான மதினி, நான் என்ற மூவரே குடும்பம். நிலம் பாகம் பிரிக்கப்படவில்லை. இந்த ஒன்றைப் படிப்போர் நினைவில் வைக்கவேண்டும். பாகம் பிரியாத குடும்பத்தில் ஒருவன் பிள்ளையின்றி இறந்தால், நிலம் உடன்பிறந்தானைச் சேரும். மனைவிக்குச் சோறும் துணியும் உண்டு, நிலம் இல்லை. அக்காலத்து வழக்கு அது.

தோட்டத்தில் பெரும்பகுதி வாழை. கிணறு ஆழமானது. கமலை பூட்டி நீர் இறைத்தோம். தோற்பையை வடத்தில் கட்டி, இரண்டு காளைகள் சரிவில் இறங்கி இழுக்க, நீர் மேலே வந்து கொட்டும். கமலை ஓட்டியவர் ஊர்க்காரர், தமையனாரினும் சற்று இளையவர், எதையும் கேலியாகவே பேசுபவர். தமையனார் சாத்தூரில் பருத்தி அரைவை ஆலை ஒன்றில் எண்ணெய் இஞ்சின் ஓடுவதைக் கண்டு வந்தார். வந்தவர் காளைகளை விற்றார். கமலை மேட்டை இடித்து, அந்த மண்ணாலேயே இஞ்சினுக்குக் கொட்டகை எழுப்பினார். எங்கள் தந்தையின் தமையனாரை நாங்கள் பெரியையா என்போம். அவர் வந்து பார்த்தார்.

“ஏலே, மாடு சாணி போடும். இது என்னத்தலே போடும்?”

“புகை போடும், பெரியையா.”

“வாழைக்கு அதைத்தான் உரமா வைக்கப் போறியாக்கும்.”

கமலைக்காரர் இஞ்சினின் கனத்த சுழல்சக்கரத்தை இருபுறமும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் சரி அண்ணாச்சி, மூக்கணாங்கயிறு எங்க?” என்று கேட்டார். பேர்போன கமலைக்காரர் அன்றுமுதல் இஞ்சின்காரர் ஆனார்.

அந்த இஞ்சின் வேலை செய்யும் முறையைச் சொல்லியாகவேண்டும்; இல்லையேல் பிறகு நடந்தது விளங்காது. இரும்பு உருளை ஒன்று. அதனுள் இறுக்கமாகப் பொருந்தி முன்னும் பின்னும் ஓடும் பிசுடன். உருளையின் தலையில் சுரைக்குடுக்கை போல ஓர் இரும்புக் கூடு. முதலில் ஊதுவிளக்கை அதன் அடியில் வைத்து, கூடு செந்நிறம் காட்டும்வரை சூடேற்றவேண்டும். பின் சக்கரத்தைக் கையால் உருட்டினால், பிசுடன் பின்வாங்கிக் காற்றை இழுக்கும். முன்வந்து அக்காற்றை நெருக்கும். அப்போது ஊசித்துளை போன்ற ஒரு மூக்கின் வழியாகச் சிறிதளவு மண்ணெண்ணெய் கூட்டினுள் தெறிக்கும். சூட்டிலும் நெருக்கத்திலும் அது பற்றி வெடிக்கும். வெடிப்பு பிசுடனைத் தள்ளும். பிசுடன் வளைதண்டைச் சுழற்றும். மீண்டும் முன்வரும்போது எரிந்த புகை வெளியேறும். இழுத்தல், நெருக்கல், வெடித்தல், புகை தள்ளல் என்ற நான்கில் ஒன்றே வேலை செய்வது. மற்ற மூன்றையும் சக்கரம் தன் கனத்தால் கடத்திவிடுகிறது. ஓடத் தொடங்கியபின் ஊதுவிளக்கு வேண்டுவதில்லை. வெடிப்பின் சூடே கூட்டைக் காய்ச்சி வைத்திருக்கும். இன்று சாலையில் ஓடும் மோட்டார் வண்டியின் இஞ்சினும் இதே நான்கு அடிகளில்தான் நடக்கிறது. அங்கே சூடான கூட்டிற்குப் பதில் மின்சாரத் தீப்பொறி. மண்ணெண்ணெய்க்குப் பதில் பெட்ரோல் ஆவி. வேறுபாடு அவ்வளவே.

மண்ணெண்ணெயை எங்கள் பக்கத்தார் சீமெண்ணெய் என்பர். தூத்துக்குடியில் இறங்கி, சாத்தூர் இரயிலடிக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் திருவில்லிபுத்தூர் இராவுத்தர் கடைக்கு அது வரும். வண்டி வராத கிழமைகளில் எங்கள் இஞ்சின் கிடையில் கிடக்கும். அதனினும் பெரிய தொல்லை புகை. கருநிறமாக எழுந்து, எண்ணெய்ப் பசையோடு வாழையிலைகளின்மேல் படிந்தது. இலை வாங்க வந்தவர் விரலால் தடவிப் பார்த்து, “இதுல சோறு போட்டா, சாப்பிட்டவன் கையைக் கழுவுதானோ இல்லையோ, பந்தி போட்டவனைக் கழுவிருவான்” என்று சொல்லிப் போய்விட்டார்.

அப்போதுதான் தமையனார் திருப்பத்தில் நின்ற இலுப்பை மரங்களைப் பார்த்தார். அவற்றின் வித்தைச் செக்கில் ஆட்டி எடுக்கும் எண்ணெயைத்தான் எங்கள் வீட்டிலும் விளக்கிற்கு எரித்தோம். நிலத்தின் அடியிலிருந்து எடுப்பது எடுக்க எடுக்கக் குறையும், மரம் உதிர்ப்பது ஆண்டுதோறும் உதிரும் என்பது அவர் கணக்கு. இஞ்சின் பூட்டும் தொழிலாளியைப் பிட்டர் என்பர்; எங்களுக்குப் பூட்டிக் கொடுத்த சாத்தூர் பிட்டர் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறித்தவர். அவரிடம் கேட்டபோது, “கூடு சூடா இருந்தா, உள்ள வர்றது எந்த எண்ணெய்னு அதுக்குத் தெரியாது” என்றார். ஆனால் ஓர் எச்சரிக்கையும் தந்தார். இலுப்பெண்ணெய் குளிரில் நெய்போல் உறையும். சூட்டில் தேங்கிக் கிடந்தால் கருகிப் பிசினாகும். ஆகவே மண்ணெண்ணெயில் தொடங்கி, இஞ்சின் நன்றாகச் சூடேறியபின் இலுப்பெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடியும் மண்ணெண்ணெயைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் குழாயையும் மூக்கையும் கழுவியபின்பே நிறுத்தவேண்டும்.

இரண்டு தகரங்களும், ஒன்றை மூடி ஒன்றைத் திறக்கும் ஒரு திருகும் பொருத்தப்பட்டன. தமையனார் இஞ்சின்காரருக்கு முறையைச் சொன்னார்.

“நம்ம சாப்பாடுதான், அண்ணாச்சி. முதல்ல பருப்பு, பொறவு குழம்பு, கடைசில மோரு.”

“ஆமாலே. மோரு ஊத்தாம இலையை மடக்கிராத.”

அன்றுமுதல் எங்கள் தோட்டத்தில் கடைசி மண்ணெண்ணெய்க்கு மோர் என்றே பெயர். புகை வெளுத்தது. இலைகள் பசுமையாயின. பாதையில் போவோர் மூக்கை உறிஞ்சி, கோயில் விளக்கின் வாடை வருகிறதே என்பார்கள். வாழை ஓர் ஆண்டு நன்றாக விளைந்தது.

மறு ஆண்டு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பொய்த்தது. வாழை குலை தள்ளி நின்றது. அந்நிலையில், நாள் கணக்கு வைத்துப் பாய்ச்சும் முறைத் தண்ணீர் ஒன்று தப்பினாலும் காய் சூம்பும். இரண்டு தப்பினால் மரம் ஒடிந்து விழும். மார்கழியில் தமையனாருக்குக் காய்ச்சல் கண்டது. பள்ளி விடுமுறை எடுத்து நான் வந்துவிட்டேன். காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு மாலை, இஞ்சின்காரர் பார்க்க வந்தபோது, தமையனார் கண்ணைத் திறக்காமலே, “நாளைக்கு முறைத் தண்ணி. தப்பவிட்டுறாத” என்றார். வேறெதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மறுநாள் விடியுமுன் இறந்துபோனார்.

அன்று நான் அழவில்லை. அழவேண்டும் என்று தோன்றவும் இல்லை. வந்தவர்கள் என் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்கள். என் கை அவர்கள் கையில் இருந்தது. மூங்கில் வெட்டினார்கள், பாடை கட்டினார்கள், என்னை உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். இஞ்சின்காரர் முற்றத்தில் வந்து நின்றார். சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். பிறகு தோட்டத்துப் பக்கமிருந்து இஞ்சின் ஓடும் ஒலி கேட்டது.

“என்னலே இது, எழவு வீட்டுல தேர் இழுக்கானா?” என்று பெரியையா எழுந்தார்.

உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது. அழுதழுது கம்மிப்போன குரல். “அவிய சொன்ன தண்ணி. ஓடட்டும்.”

நண்பகல் கழிந்து பாடை எழுந்தது. பிள்ளையில்லாத தமையனுக்குக் கொள்ளிச்சட்டி ஏந்தவேண்டியவன் நான். முன்னே நடந்தேன். கொட்டு முழங்கிற்று, அதன் அடியில் இஞ்சின் ஒலி. தப், தப், தப் என்று. என் கால் கொட்டுக்கு நடக்கவில்லை, இஞ்சினுக்கு நடந்தது. அன்றைய பொழுதில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது இந்த ஒன்றுதான். திருப்பத்தில் இலுப்பை மரங்களின் அருகே வந்தோம். கொட்டகை வாயிலில் நின்ற இஞ்சின்காரர் எங்களைக் கண்டார். தோள் துண்டைக் கையில் எடுத்தார். உள்ளே குனிந்து எண்ணெய்த் திருகை அடைத்தார். இஞ்சின் நின்றது.

பாடை கடக்கும்போது கமலையை நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். காளைகள் சரிவின் பாதியில் இருந்தாலும் வடத்தைப் பிடித்து நிறுத்தி, துண்டை எடுத்துக்கொண்டு நிற்பார்கள். அவர் தம் வாழ்நாளெல்லாம் அவ்வாறே நிறுத்தியவர். காளைகளை நிறுத்துவதுபோல இஞ்சினையும் நிறுத்தினார். அது முறையான செயல் என்றே எல்லோரும் எண்ணினர், பெரியையாவும் தலையசைத்தார். மோர் எவர் நினைவிலும் இல்லை.

மறுநாள் பால் தெளிப்பு. அடுத்த முறைத் தண்ணீர் நாளில், காலைக் குளிரில் இஞ்சின்காரர் ஊதுவிளக்கை வைத்துக் கூட்டைச் சிவக்கக் காய்ச்சினார். சக்கரத்தை உருட்டினார். ஒன்றும் நிகழவில்லை. இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு உருட்டினார். நான் போனபோது அவர் சக்கரத்தின் கீழ் குந்தியிருந்தார்.

“மோரு ஊத்தலை, சின்ன அண்ணாச்சி” என்றார். “அவிய போறாகளேன்னு அப்படியே அடைச்சுட்டேன். மோரு ஊத்தலை.”

எண்ணெய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். மேற்கு மலையிலிருந்து இறங்கும் மார்கழிக் குளிரில் அது சில்லிட்டிருந்தது. இணைப்பைக் கழற்றியபோது, உள்ளே இலுப்பெண்ணெய் வெண்மையாக உறைந்து மெழுகுபோல நின்றது. மூக்கின் துளையை அடைத்து, கருகிய பிசின் கல்லாகப் பிடித்திருந்தது. சாத்தூருக்கு ஆள் அனுப்பினேன். பிட்டர் கிறித்து பிறந்தநாளுக்குச் சொந்த ஊர் போயிருப்பதாகவும், புத்தாண்டு கழிந்தே திரும்புவார் என்றும் ஆள் வந்து சொன்னார். காளைகள் இல்லை. இரவல் வாங்கினாலும் பூட்டக் கமலை மேடு இல்லை. வாழையிலைகளின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கியது.

அன்று பெரியையா வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். கொடியவர் அல்லர் அவர். கணக்காகப் பேசுபவர்.

“இஞ்சினும் அவனோடயே போயிருச்சு. விடு. கருமாதி முடியட்டும். பட்ட வாழையை வெட்டிப் போட்டுட்டு, தோட்டத்தை என் மகன்மார் பாத்துக்கிடுவாங்க. நீ பள்ளிக்கூடத்துக்காரன், உன்னால ஏலாது. அவளைத் தளவாய்புரத்துல கொண்டுபோய் விட்டுருவோம். கூடப் பிறந்தவங்க இருக்காங்கல்லா, ஒரு வாய்ச் சோறு போடமாட்டாங்களா?”

நான் தலையசைத்தேனா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. வாழை பட்டால் மதினி அந்த வீட்டில் இருப்பதற்கு ஊரார் ஒப்பும் காரணம் எதுவும் இராது. வாழை நின்றால், குலை வெட்டும்வரையாவது அவரை எவரும் எழுப்பமுடியாது. இதை நான் அறிந்திருந்தேன். அறிந்தும் எனக்குள் எதுவும் அசையவில்லை.

கருமாதி வரை மதினி வீட்டின் மூலையை விட்டு வெளியே வரலாகாது. பெண்கள் சூழ அங்கே அமர்ந்திருந்தார். பெரியையா பேசியது சுவருக்கு அப்பால் அவருக்குக் கேட்டிருக்கும். சிறிது நேரத்தில் என்னை அழைப்பதாக ஒரு பெண் வந்து சொன்னாள். வாசற்படியில் நின்றேன்.

“தம்பி, இஞ்சின் எதுனால ஓடலை?”

“குழாயில் எண்ணெய் உறைந்துவிட்டது. மூக்கு அடைத்துவிட்டது.”

“மூக்குன்னா எம்புட்டு இருக்கும்?”

விரலின் ஒரு கணுவைக் காட்டினேன்.

“உறைஞ்சது சுடுதண்ணிக்கு உருகிரும். சாக்கைச் சுடுதண்ணியில நனைச்சுக் குழாயில சுத்தச் சொல்லுங்க. மூக்கைக் கழட்டி இங்க கொண்டாங்க. விளக்கு மூக்குல பிடிக்காத இலுப்பெண்ணெயா?”

கொண்டுபோய்க் கொடுத்தேன். சாம்பலைக் கரைத்துத் தெளிந்த நீரைக் கொதிக்க வைத்துக் கொண்டுவரச் சொல்லி, அதில் மூக்கைப் போட்டார். சுற்றியிருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தனர்.

“ஏட்டி, மாப்பிள்ளை செத்து மூலையில உக்காந்துக்கிட்டு இரும்பை வேக வைக்காளே, இதை எங்கயாவது கண்டிருக்கியா?”

“சும்மா இரு அக்கா. இரும்பு பக்கத்துல இருந்தா நல்லதுதான். காத்து கருப்பு அண்டாது.”

“அப்ப அந்த இஞ்சினையே தூக்கிக் கொண்டாந்து இங்க வச்சிருக்கலாமே.”

யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். மதினி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஊசி கொண்டு குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று பிட்டர் முன்பு சொன்னதை நான் சொன்னேன். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அதன் நுனியை மயிரிழையாகச் சீவினார். கொதிநீரில் போடுவதும், எடுத்துப் புளிச்சக்கையால் தேய்ப்பதும், ஈர்க்கால் மெல்லத் துழாவுவதும், மறுபடி போடுவதுமாகப் பகல் போயிற்று. மறுநாளும் அவ்வாறே. இடையில் துக்கம் கேட்க வந்தவர்களைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர்கள் எழுந்ததும் மூக்கைக் கையில் எடுத்தார். இறுதியில் அதைக் கண்ணருகே வைத்து வாசல் வெளிச்சத்தைப் பார்த்தார்.

“வெளிச்சம் தெரியுது. நீங்க பாருங்க.”

வாங்கிப் பார்த்தேன். துளையின் வழியே முற்றம் தெரிந்தது. பாடை கட்டியபோது சிதறிய மூங்கில் சிம்புகள் இன்னும் கூட்டப்படாமல் கிடந்தன. தெரிகிறது என்றேன்.

கொட்டகையில் இஞ்சின்காரர் சாக்கை நனைத்துச் சுற்றி, குழாயை உருக்கி வடித்து வைத்திருந்தார். மூக்கைப் பூட்டினோம். கூடு சிவந்தது. மண்ணெண்ணெய்த் திருகைத் திறந்து சக்கரத்தை உருட்டினோம். முதலில் இருமியது, நின்றது. மீண்டும் உருட்டினோம். பிடித்துக்கொண்டது. இஞ்சின்காரர் அழுதார். நான் வாய்க்காலில் நீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மடையருகே நின்ற வாழையின் அடியை நீர் தொட்டது, மண் குமிழியிட்டது, அடுத்த மரத்திற்குச் சென்றது. இன்பம் என்று சொல்லத்தக்க எதையும் நான் உணரவில்லை. ஒலி நின்றிருந்தது, இப்போது நிற்கவில்லை, அவ்வளவே.

வீடு திரும்பியபோது பெரியையா முற்றத்தில் நின்று உள்நோக்கிப் பேசிக்கொண்டிருந்தார்.

“கருமாதிக்கு முன்னால இந்தச் சத்தம் ஆகுமாம்மா? நாலு பேரு என்ன சொல்லுவான்?”

“நாலு பேரு தூக்கிட்டுப் போனப்பவும் அந்தச் சத்தத்துலதான போனாக, மாமா.”

பெரியையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கருமாதி அன்று உறவினர் கூடியபோது பேச்சு மீண்டும் எழுந்தது. தோட்டம் எவர் கையில் இருக்கவேண்டும் என்று என்னைக் கேட்டனர். வழக்கின்படி அது என்னுடையதாகிவிட்டது. நெடிய விளக்கம் எதையும் நான் சொல்லவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் கேட்டது. “மதினியிடமே இருக்கட்டும். நான் பள்ளிக்குத் திரும்பவேண்டும்” என்றேன். பெரியையா, “இஞ்சினு கெட்டுப்போனா மறுபடி வேக வைக்கத் தெரிஞ்ச ஆளு அவதான்” என்றார். சிலர் சிரித்தனர். பேச்சு அத்துடன் முடிந்தது. கிணற்றோரத்து வரிசை ஒன்று பட்டுப்போயிற்று. மற்றவை குலை முற்றி, தைக்குப் பின் வெட்டப்பட்டன.

இனிப் பாடையைப் பற்றி. அடுத்து வந்த கோடையில் ஊரில் முதியவர் ஒருவர் இறந்தார். பாடை திருப்பத்திற்கு வந்தது, இஞ்சின் நிற்கவில்லை. அன்று நானும் உடன் சென்றிருந்தேன். பாடை சுமந்தவர்களில் முன்னவர் கொதித்துப்போய்க் கத்தினார்.

“ஏலே, பொணம் வருது, கண்ணு தெரியலையா?”

இஞ்சின்காரர் துண்டைக் கையில் பிடித்தபடி கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். “தெரியுது மாமா, தெரியுது. செத்த நேரம் நில்லுங்க. மோரு ஊத்திக்கிட்டிருக்கேன்.”

“என்னத்த ஊத்துதான்?”

“மோரு. சீமெண்ணெ இறங்கணும். இறங்கினதும் நிறுத்திருதேன். அண்ணாச்சிக்கு அவசரப்பட்டு நிறுத்தித்தான் அம்புட்டுப் பாடும்.”

அண்ணாச்சி என்ற சொல் கேட்டதும் அவர் தணிந்தார். கொட்டு முழக்கத்தை நிறுத்தினார்கள். இலுப்பை நிழலில் பாடையோடு நின்றார்கள். புகையின் நிறமும் வாடையும் மாறின. பின்பு இஞ்சின் அடங்கிற்று. இஞ்சின்காரர் கையைத் தூக்கிக் காட்ட, நடந்தார்கள். அடுத்த பாடையும் அவ்வாறே நின்றது. சில ஆண்டுகளில், இஞ்சின் ஓடாத நாட்களிலும், திருப்பம் வந்ததும் கால்கள் தாமே நின்றன.

பிறகு மோட்டார் வண்டிகள் வந்தன. இப்போது போரின் காரணமாகப் பெட்ரோல் கிடைக்காமையால், இராசபாளையம் சாலையில் ஓடும் பேருந்துகள் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு, அதன் ஆவியில் ஓடுகின்றன. எங்கும் இல்லாத புதுமை என்று பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்; வண்டி இருமிக்கொண்டு போகிறது.

அந்த இஞ்சினை மதினி நெடுங்காலம் ஓட்டினார். இஞ்சின்காரர் இறந்தபின் வேறொருவரை வைத்து ஓட்டினார். கூடு வெடித்து இனிச் சீர்செய்யவியலாது என்றான நாளில், பழைய இரும்பாகக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கமலை மேடு எழுப்பிக் காளைகளை வாங்கினார். தளவாய்புரத்துக்கு அவர் தம் உறவினர் மணங்களுக்கு மட்டுமே சென்றார்.

தொடக்கத்தில் நான் சொன்ன, அந்த இளைஞர் எனக்குத் தெய்வத்தைப் பற்றி எடுத்துரைத்த நாள், மதினியைத் தூக்கிச் சென்ற நாள். திருப்பத்தில் நின்றார்கள். கொட்டு நின்றது. கொட்டகை இருந்த இடத்தில் அவரைச்செடி படர்ந்திருந்தது. நிறுத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நான் கொள்ளிச்சட்டியோடு முன்னே நின்றேன். மோர் இறங்க முன்பு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, ஒருவரும் கையைத் தூக்கிக் காட்டாமலே, எல்லோரும் ஒன்றாக நடக்கத் தொடங்கினர்.

நினைவிலிருந்து எழுதியமையால் பிழைகள் இருக்கும். முதலில் நின்ற பாடை நான் சொன்ன முதியவருடையதுதானா, அதற்கு முன்பே வேறொன்று நின்றதா என்பதில் எனக்கே ஐயமுண்டு. மண்ணெண்ணெய்த் தகரம் வலப்பக்கம் இருந்ததாக நினைக்கிறேன், இடப்பக்கமாகவும் இருக்கலாம். இஞ்சினின் நடையைச் சொன்னதில் தவறிருந்தால், அத்தொழில் அறிந்தோர் திருத்தவேண்டும். வன்னியம்பட்டியிலோ தளவாய்புரத்திலோ இவற்றைக் கண்டவர், அல்லது கண்டவர் வாயால் கேட்டவர் எவரேனும் இருப்பின், நான் பிறழ்ந்த இடத்தை எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். என் காலத்திற்குப் பின்னாயின், இத்தாளின் ஓரத்திலேயே எழுதி வைக்கலாம்.